வெடிப்பைப் பூசியவருக்கு ஒரு வக்காலத்து

சப்ரகமுவவில் வீடு விற்பவர், அந்த வீட்டில் தாம் அறிந்த கட்டுமானக் குறைகளை வாங்குபவருக்கு எழுத்தில் தெரிவித்தாக வேண்டும் என்ற கோரிக்கைக்கு, காணி வியாபாரத்தில் பழம் தின்று கொட்டை போட்ட அன்பர் ஒருவர் நீண்ட மறுப்பு எழுதியிருக்கிறார். அவர் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். அவர்மேல் உள்ள மரியாதையால் அல்ல. அவர் சொன்னவற்றில் அவருக்கென்று சொந்தமான சரக்கு ஒன்றும் இல்லை என்பதால். எட்டியாந்தோட்டையிலும் தெரணியகலையிலும் இறக்குவானையிலும் தரகுக் காசு எண்ணுகிற எவரைக் கேட்டாலும் இதே வாதங்களைத்தான் ஒப்பிப்பார். அவர்கள் தேநீர்க் கடையில் நின்று சொல்வதை இவர் சட்டம், மரபு, பொருளாதாரம் என்று மூன்று சால்வை போர்த்தி மேடையேற்றியிருக்கிறார். சால்வைகளை உருவிவிட்டு உள்ளே என்ன நிற்கிறது என்று பார்ப்போம்.

வாங்குபவருக்குக் கண் இருக்கிறது, பார்த்துவிட்டுத்தானே வாங்குகிறார் என்பது அவருடைய முதல் வாதம். விற்பவர் பொறியியலாளர் அல்லர், தம் வீட்டின் குறை அவருக்கு எப்படித் தெரியும் என்பது நான்காவது வாதம். இடையில் வேறு விஷயங்களைப் பேசிவிட்டதால், ஒன்று மற்றதன் கழுத்தை நெரிப்பதை அவர் கவனிக்கவில்லை. பதினைந்து வருடம் அந்தக் கூரையின் கீழ் படுத்தெழுந்தவருக்குத் தெரியாத குறை, ஞாயிற்றுக்கிழமை காலையில் அரை மணி நேரம் வந்து நின்றவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்கிறாரா? பொறியியல் படிக்காதது விற்பவரைக் காப்பாற்றும் கவசமென்றால், அதே படிப்பைப் படிக்காத வாங்குபவருக்கு மட்டும் அது ஏன் குற்றமாகிறது? ஒரே அறியாமையை ஒரு பக்கம் மன்னிப்பாகவும் மறுபக்கம் தண்டனையாகவும் நிறுக்கிற தராசு எந்தக் கடையில் தொங்கும் என்பது வாசகருக்குத் தெரியும்.

இந்தச் சரிவுகளில் வீடு எப்படி எழுகிறது என்று அறிந்தவர்களுக்கு அந்தக் கண் பற்றிய வாதத்தின் கபடம் உடனே விளங்கும். இறப்பர் நின்ற மேட்டைப் பெக்கோ வைத்து வெட்டுகிறார்கள். பின்பக்கம் ஆளுயரத்துக்கு மேல் செங்குத்தாக ஒரு மண்சுவர் எஞ்சுகிறது. வெட்டிய மண்ணை முன்பக்கம் தள்ளி மட்டம் செய்து, பாதி வீட்டை இறுகிய தரையிலும் பாதி வீட்டை நிரப்பிய மண்ணிலும் கட்டுகிறார்கள். நிரப்பிய மண்ணை அடுக்கடுக்காக இறுக்கியிருக்க வேண்டும், மேட்டிலிருந்து இறங்கும் தண்ணீருக்குக் கான் வெட்டியிருக்க வேண்டும். இரண்டும் செலவு என்பதால் பல இடங்களில் இரண்டும் நடப்பதில்லை. சில மழைக்காலம் கழிவதற்குள் நிரப்பிய பக்கம் அமர, இறுகிய பக்கம் அசையாமல் நிற்க, யன்னல் மூலையிலிருந்து கூரையை நோக்கிச் சாய்வாக ஒரு வெடிப்பு ஓடுகிறது. முன்கதவு நிலையோடு இறுகிக்கொள்கிறது. அப்போது மேசன் பாஸ் ஒருவர் வந்து, வெடிப்பைக் கொத்திச் சீமெந்து அடைத்து, மேலே பூசி, பெயிண்ட் அடித்து, கதவின் அடியைச் சீவிவிட்டுப் போகிறார். அதற்குப் பிறகு வீடு காட்டப்படுவது தை, மாசியில். இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது; தென்மேற்குப் பருவமழை மே மாதத்தில் இறங்கும். தையில் சுவர் காய்ந்திருக்கும், பின்மேட்டில் கசியும் ஊற்று வற்றியிருக்கும், புதுப் பெயிண்ட் மணக்கும். எந்தக் கண்ணைக் கொண்டு எதைப் பார்ப்பது? பார்க்க முடியாதபடி செய்துவிட்டு, ஏன் பார்க்கவில்லை என்று கேட்பது வாதமா, வம்பா?

விற்பவரிடம் யாரும் மண்ணின் உராய்வுக் கோணத்தைக் கேட்கவில்லை. வெடிப்பு எப்போது வந்தது, எத்தனை தடவை பூசப்பட்டது, எந்த மழைக்குக் குடும்பத்தோடு கோயிலிலோ பள்ளிக்கூடத்திலோ போய்ப் படுத்தீர்கள், கிராம உத்தியோகத்தர் கொண்டுவந்து கொடுத்த கடிதத்தில் என்ன இருந்தது, பிரதேச சபை அனுமதித்த வரைபடத்தில் இல்லாத அந்த மேல்மாடி எந்த அத்திவாரத்தில் நிற்கிறது: இவற்றுக்குப் பதில் சொல்லப் பேராதனையில் பொறியியல் பட்டம் வேண்டுமா? அந்த வீட்டில் வளர்ந்த பத்து வயதுப் பிள்ளைகூடப் பதில் சொல்லும். அதனால்தான் வீடு பார்க்க ஆள் வரும் நாளில் பிள்ளைகளை மாமா வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

இரத்தினபுரிக்கே உரிய குறை ஒன்றும் இருக்கிறது. அன்பர் அதைப் பற்றி மூச்சுவிடவில்லை, விட்டிருந்தால் அவருடைய முதல் வாதம் அந்த இடத்திலேயே மூச்சடங்கியிருக்கும். மாணிக்கம் தேடித் தோண்டிய குழியைத்தான் சொல்கிறேன். இல்லம் என்று நாம் சொல்லும் சரளைப் படை கிடைக்கும்வரை நேராக இறங்கி, கிடைத்ததும் பக்கவாட்டில் சுரங்கம் போட்டுக் குடைவது இந்த மாவட்டத்தின் பழைய தொழில். இன்று தேசிய இரத்தினக்கல் ஆபரண அதிகார சபையின் அனுமதிப்பத்திரம் வேண்டும், தோண்டி முடித்ததும் குழியை மூட வேண்டும், மூடுவதற்குப் பிணையாகப் பணம் கட்டவும் வேண்டும். ஆனால் அந்தச் சபை 1993ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது; குழிகளோ பாட்டன் காலத்துக்கு முந்தியவை. அனுமதியில்லாமல் இரவில் தோண்டி, வாழைத்தண்டையும் குப்பையையும் தளர்ந்த மண்ணையும் கொட்டி மூடிய குழிக்கு எந்த அலுவலகத்தில் பதிவு இருக்கிறது? அதன்மேல் புல் முளைத்து, பிறகு பத்துப் பேர்ச்சஸ் துண்டாகப் பிரிந்து, பிறகு வீடு எழுந்தால், குசினித் தரை ஒரு நாள் கிண்ணம்போல் குழிந்து இறங்கும்வரை எவர் கண்ணுக்கும் அது தெரியாது. தெரிந்த ஒரே மனிதர், குழி தோண்டியபோது பங்கு வாங்கிய காணிக்காரர். அவரிடம் கேள்வி கேட்பதே தவறு என்கிறார் அன்பர். அவரிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பது?

இனி அவருடைய சட்ட அறிவு. வாங்குபவரே விழிப்பாயிருக்க வேண்டும் என்ற ஆங்கிலப் பொதுச் சட்டக் கோட்பாட்டை எடுத்து நீட்டி, இதுதான் நம் சட்டம், மாற்றச் சொல்ல நீங்கள் யார் என்று அதட்டுகிறார். அதட்டுவதற்கு முன் தாம் எந்த நாட்டில் காணி விற்கிறோம் என்பதை அவர் விசாரித்திருக்கலாம். இலங்கையில் ஆங்கிலச் சட்டத்தைப் பின்பற்றி வந்த 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் அசையும் பொருளுக்கானது. வீடும் காணியும் அதற்குள் அடங்கா. அசையா ஆதனத்தின் விற்பனையை ஆள்வது உரோம-டச்சுச் சட்டம். அது மறைகுறை உள்ள பொருளை விற்றவரிடம் விலையைக் குறைத்துக் கேட்கவும், குறை பெரிதென்றால் விற்பனையையே கலைக்கவும் வாங்குபவருக்கு வழக்குரிமை தருகிறது. அந்த உரிமையின் வேர் உரோம் நகரத்துச் சந்தையில் இருக்கிறது. அடிமையையும் கோவேறு கழுதையையும் விற்பவர் அதன் நோயையும் குறையையும் வெளிப்படையாகச் சொல்லியே விற்க வேண்டும் என்று சந்தையை ஆண்ட ஈடைல் அதிகாரிகள் ஆணையிட்டார்கள். பிறகு சட்டவாளர்கள் அதைக் காணிக்கும் நீட்டினார்கள். இரண்டாயிரம் வருடத்துக்கு முன் ஒரு கழுதையை வாங்கிய உரோமனுக்குக் கிடைத்த பாதுகாப்பு, ஒரு குடும்பத்தின் வாழ்நாள் சேமிப்பைக் கொட்டி வீடு வாங்குகிற இறக்குவானைத் தமிழருக்குக் கூடாது என்பதே இவர் சொல்லவந்தது. அதை நேராகவே எழுதியிருக்கலாமே?

உறுதியில் ‘உள்ளது உள்ளபடி’ என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்பது அடுத்த பெருமிதம். தீராது. உரோம-டச்சுச் சட்டத்தில் அந்த வரி, குறையை அறியாத விற்பனையாளரைத்தான் காக்கிறது. குறையை அறிந்து, ஏமாற்றும் எண்ணத்தோடு அதை மறைத்தவர் அதன் பின்னால் ஒளிய முடியாது. இதே சட்ட மரபில் இயங்கும் தென்னாபிரிக்காவின் மேன்முறையீட்டு நீதிமன்றம் வான் டெர் மெர்வே எதிர் மீட்ஸ் வழக்கில் (அறிக்கையிடப்பட்ட ஆண்டு 1991) இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அந்த நாடு அதோடு நிற்கவுமில்லை. 2019ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் 2022 பெப்ரவரி 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்ததிலிருந்து, விற்பவர் நிரப்பிக் கையெழுத்திட்ட குறை வெளிப்பாட்டுப் படிவம் கையில் கிடைக்காமல் தரகர் அந்த வீட்டை விற்க ஒப்புக்கொள்ளவே கூடாது. பக்கத்து இந்தியாவைப் பார்த்தால், 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 55ஆம் பிரிவிலேயே, விற்பவர் அறிந்ததும் வாங்குபவர் சாதாரண கவனத்தால் கண்டுபிடிக்க முடியாததுமான முக்கியக் குறையைச் சொல்லியாக வேண்டும் என்று வைத்திருக்கிறது. அன்பர் பெரிதாகக் கொண்டாடுகிற இங்கிலாந்தில்கூட இன்று வீடு விற்பவர் சொத்துத் தகவல் படிவத்தை நிரப்பித் தம் சட்டத்தரணி வழியாகக் கொடுப்பது வழக்கம். அவர் தூக்கிப் பிடிக்கும் கோட்பாட்டை அது பிறந்த ஊரே பாதி கைவிட்டுவிட்டது.

இந்த வழக்கு புதிதும் அல்ல. கி.மு. 44இல் சிசரோ எழுதிய கடமைகள் பற்றிய நூலின் மூன்றாம் பாகத்தில் நம் அன்பரைப் போன்ற ஒருவர் அப்படியே நிற்கிறார். சுகாதாரக் கேடான, விஷப் பூச்சிகள் நுழையும், மட்டமான மரத்தால் கட்டி விழப்போகிற ஒரு வீடு. விற்பவரைத் தவிர அது வேறெவருக்கும் தெரியாது. அவர் சொல்ல வேண்டுமா? சொல்லாமலிருப்பது மறைப்பதாகாது என்று பாபிலோனின் டயோஜனிஸ் என்ற தத்துவஞானி வாதிடுவதாகவும், ஒருவர் கண்மூடி இழப்பில் விழுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது வழி கேட்டவருக்கு வழி காட்டாததைவிடக் கொடிது என்று இன்னொரு தத்துவஞானியான அன்ரிபேட்டர் மறுப்பதாகவும் சிசரோ எடுத்துக்காட்டி, விற்பவர் மறைத்திருக்கக் கூடாது என்று தாம் தீர்க்கிறார். அதே இடத்தில் ஒரு நிஜ வழக்கும் வருகிறது. உரோமில் கீலியன் குன்றின்மேல் கிளாடியஸ் சென்றுமாலஸ் என்பவருக்கு உயரமான ஒரு வீடு இருந்தது. தாங்கள் நிமித்தம் பார்க்கும் பார்வையை மறைக்கிற பகுதியை இடித்துவிடும்படி நிமித்திகர் சபை அவருக்குக் கட்டளை இட்டது. இடிப்பதற்குப் பதிலாக அவர் வீட்டை விற்றுவிட்டார். வாங்கிய கல்பூர்னியஸ் லனாரியஸ் தலையில் அதே கட்டளை விழுந்தது. கட்டளை வந்த பிறகே வீடு விற்பனைக்கு வந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. தீர்ப்புச் சொன்ன மார்க்கஸ் காட்டோ, விற்கும்போதே அறிந்திருந்தும் சொல்லாததால் நட்டத்தை விற்றவரே ஈடுசெய்ய வேண்டும் என்றார்.

நிமித்திகர் சபையை எடுத்துவிட்டுத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தை அந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். பின்மேடு ஆபத்தானது, மழை கூடினால் வெளியேறுங்கள் என்று அறிவித்தல் வருகிறது. கடிதத்தை அலுமாரிக்குள் மடித்து வைத்துவிட்டு அடுத்த மாதம் தரகரைக் கூப்பிடுகிறார் வீட்டுக்காரர். இது நடப்பதே இல்லை என்று அன்பர் எழுதவில்லை. நடந்தால் தவறில்லை என்றுதான் எழுதுகிறார். காட்டோ கேட்டிருந்தால் அவரை வாசலிலேயே நிறுத்தியிருப்பார்.

மரபையும் இழுக்கிறார்: தமிழ் வணிகன் தன் பொருளின் குறையைத் தானே தம்பட்டம் அடித்ததுண்டா என்று கேட்கிறார். உண்டு. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் புகழ்வது அவர்கள் ஈட்டிய லாபத்துக்காக அல்ல. கூடுதலாக வாங்காமலும் குறைத்துக் கொடுக்காமலும் வெளிப்படையாகப் பேசி விற்றதற்காக. மரபு பேசுகிறவர் மரபை ஒரு முறையாவது படித்திருக்க வேண்டும்.

குறை விலையிலேயே கழிந்துவிடுகிறது, இதில் வாங்குபவருக்கு என்ன நட்டம் என்பது அவர் பொருளாதாரம். குறை தெரிந்தால்தானே விலை குறையும்? இரு தரப்பும் அறிந்த வெடிப்பு விலையைக் குறைக்கும்; பூசி மறைத்த வெடிப்பு விலையைக் காப்பாற்றும். அதற்காகத்தான் பூசுகிறார்கள். இதற்கு மேல் அந்த வாதத்துக்கு மை செலவழிக்கத் தேவையில்லை.

அவர் வாதங்களில் சற்றே கனமானது மண்சரிவு வரைபடம் பற்றியது, அதைக் கவனமாகவே எடுத்துக்கொள்கிறேன். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 1990 முதல் மண்சரிவு ஆபத்து வலயங்களை வரைபடமாக்கி வருகிறது, இரத்தினபுரியும் கேகாலையும் அதில் இருக்கின்றன, யாரும் பார்க்கலாம், பிறகு விற்பவர் வேறு என்ன சொல்ல வேண்டும் என்கிறார். வரைபடம் பெரிய பணி. அதைச் செய்தவர்களைக் குறைசொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் அதன் அளவுத்திட்டத்தை அன்பர் பார்த்தாரா? ஒன்று 1:50,000, மற்றது 1:10,000. விரிவான இரண்டாவதையே எடுத்தாலும், பத்துப் பேர்ச்சஸ் காணி என்பது ஏறத்தாழ 253 சதுர மீற்றர். அது அந்தத் தாளில் ஒன்றரை மில்லிமீற்றர் பக்கமுள்ள ஒரு புள்ளி. அந்தப் புள்ளிக்குள் பின்மேட்டை எத்தனை அடி வெட்டினீர்கள், தடுப்புச் சுவருக்குத் தண்ணீர் வடியக் குழாய் வைத்தீர்களா, அத்திவாரம் நிரப்பு மண்ணைத் தாண்டி இறங்கியதா என்பதெல்லாம் எங்கே எழுதியிருக்கிறது? வரைபடம் மலையைப் பற்றிப் பேசும். வீட்டைப் பற்றி வீட்டுக்காரர்தான் பேச முடியும். புதிதாகக் கட்டுபவர் இந்த மாவட்டங்களில் அந்த நிறுவனத்தின் மண்சரிவு அபாய மதிப்பீட்டு அறிக்கையைப் பெற வேண்டும் என்ற விதி இருக்கிறது. அந்த விதிக்கு முன் கட்டியதும், விதியைப் பாராமல் கட்டியதும்தான் இன்று கைமாறுகின்றன. மேலும் ஒன்று. வரைபடம் எல்லாருக்கும் திறந்திருக்கிறது, அதனால் சொல்லத் தேவையில்லை என்கிறவர், அதே கட்டுரையின் பின்பகுதியில், சொல்லிவிட்டால் விலை விழுந்துவிடும் என்று அஞ்சுகிறார். எல்லாரும் ஏற்கெனவே அறிந்த ஒன்றைச் சொன்னால் விலை எப்படி விழும்?

இயற்கையின் செயலுக்கு விற்பவரைக் குற்றவாளியாக்காதீர்கள் என்று உருக்கமாகவும் கேட்கிறார். இந்த உருக்கத்தை அவர் 2016 மே 17க்குப் பிறகு எழுதத் துணிந்தது எனக்கு வியப்பு. அன்று கேகாலை மாவட்டத்தில் அரநாயக்கவின் சாமசர மலை சரிந்து நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தும் காணாமலும் போயினர். அதே நாளில் புளத்கொஹுபிட்டியவில் களுபஹன தோட்டத்து லயத்தின்மேல் மண் இறங்கி நம் மக்கள் புதைந்தார்கள். அதற்கு முன் 2003 மே மாதத்தில் இரத்தினபுரி, பின்னர் 2017 மே மாதத்தில் மறுபடி இரத்தினபுரி, 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது மறுபடி கேகாலை. மழை இயற்கைதான். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் விழிப்பு, 100 என்றால் தயார், 150 என்றால் வெளியேறு என்று அளவுகோல் வைத்திருக்கிறார்கள். அந்த அளவுகோல் வெளியேற வேண்டிய வீடு எது என்று தெரிந்தவருக்குத்தான் உதவும். தன் பின்மேடு முந்தின மழையில் ஒரு கை அகலத்துக்கு வாய் பிளந்தது, மண்ணும் பிளாஸ்டிக் தாளும் போட்டு மூடப்பட்டது என்பதை அறியாமல் வாங்கியவர், 150 மில்லிமீற்றர் பெய்கிற இரவில் எதை நம்பிப் பிள்ளைகளைப் படுக்கவைப்பார்? விற்பவரிடம் நாம் கேட்பது மழையை நிறுத்தச் சொல்லி அல்ல. அவருக்குத் தெரிந்த பிளவைச் சொல்லச் சொல்லித்தான். இதை மறைப்பதால் போவது காசு மட்டும் என்றால் நான் இவ்வளவு கோபமாக எழுதியிருக்க மாட்டேன்.

கலிபோர்னியாவில் ஈஸ்ட்டன் எதிர் ஸ்ட்ராஸ்பர்கர் என்று 1984இல் தீர்ப்பான வழக்கு அப்படியே நம் சரிவில் நடந்தது போலிருக்கும். நிரப்பு மண்மேல் நின்ற வீடு. விற்பதற்கு முன்பே மண் சரிந்திருக்கிறது. சரிவில் வலை போட்டுச் சமாளித்திருக்கிறார்கள். வாங்கியவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. 1,70,000 டொலருக்கு வாங்கிய வீட்டின் மதிப்பு, மறுபடி மண் நகர்ந்ததும், 20,000 வரை விழுந்ததாகச் சாட்சியம் வந்தது. நீதிமன்றம் விற்றவரோடு நிறுத்தவில்லை; அந்த வலையையும் ஏற்ற இறக்கமான தரையையும் கண்ட பிறகும் விசாரிக்காத தரகரையும் பொறுப்பாளியாக்கியது. அன்பர் விற்பவருக்காக இவ்வளவு கண்ணீர் விடுவதன் காரணம் இங்கேதான் கசிகிறது. விற்பவர் சொல்லக் கடமைப்பட்டவர் என்று ஆகிவிட்டால், அடுத்த கேள்வி தரகரை நோக்கித் திரும்பும்: நீங்கள் எத்தனை தடவை அந்த வீட்டுக்குப் போனீர்கள், உங்களுக்கு என்ன தெரியும்?

கட்டாய வெளிப்பாடு ஏழை விற்பனையாளரை நசுக்கும், சப்ரகமுவவின் வீட்டுச் சந்தையே படுத்துவிடும் என்பது அவருடைய கடைசி அம்பு. ஏழை யார்? எட்டியாந்தோட்டை டவுனுக்குப் பக்கத்தில் வீடு வாங்குகிறவரைப் பாருங்கள். முப்பது வருடம் பால் வெட்டிய பிறகு கைக்கு வந்த ஈ.பி.எஃப். பணம், சர்வீஸ் காசு, குவைத்தில் வீட்டுவேலை செய்து மகள் அனுப்பியது, அடகுக் கடையிலிருந்து மீளாத தாலிக்கொடி, இவ்வளவும் சேர்ந்ததுதான் அந்த முற்பணம். லயக் காம்பராவை விட்டுச் சொந்தக் கூரைக்குப் போகிற அவருடைய தலைமுறையின் ஒரே பாய்ச்சல் அது. தவறினால் இரண்டாவது வாய்ப்புக் கிடையாது. அவர் வாங்கும் உறுதி பெரும்பாலும் சிங்களத்தில் எழுதப்படுகிறது. நொத்தாரிசு முப்பது வருட உரித்தைக் காணிப் பதிவகத்தில் தோண்டித் தேடுவார், உறுதியை வாசித்து விளக்கினேன் என்று சான்றுரையும் எழுதுவார். ஆனால் உறுதியில் இல்லாத வெடிப்பை எப்படி விளக்குவார்? இதே கேகாலையில், 2016 அனர்த்தத்துக்குப் பிறகு உயர் ஆபத்து வலயக் குடும்பங்களுக்கு வீட்டுக்கு 12 இலட்சம், காணிக்கு 4 இலட்சம் என்று அரசு பணம் கொடுத்தபோது, வாங்கும் இடம் பாதுகாப்பானது என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. அப்போது சந்தை படுத்துவிட்டதா? அரசாங்கத்தின் காசு என்றால் மண்ணைப் பரிசோதிக்கலாம், தோட்டத் தொழிலாளியின் காசு என்றால் மண்ணைப் பற்றிப் பேசவே கூடாது என்பதுதான் இவர் காக்க விரும்பும் சந்தை.

சரி, சட்டம்தான் ஏற்கெனவே இருக்கிறதே, பிறகு எழுத்து எதற்கு என்று நியாயமான வாசகர் ஒருவர் கேட்கலாம். அன்பர் கேட்கவில்லை, அவருக்குப் பதில் தெரியும். அறிந்து மறைத்தார் என்பதை வாங்குபவர் நிரூபிக்க வேண்டும். ‘வீடு கல்லுமாதிரி இருக்கிறது அண்ணே, கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்க’ என்று தரகர் வாயால் சொன்னது நீதிமன்றத்தில் காற்று. 1895ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டம், எழுதிய உடன்படிக்கைக்கு எதிராக வாய்ப்பேச்சை நுழையவிடாது. மோசடி என்று காட்டினால் கதவு திறக்கும், ஆனால் அதைக் காட்ட பூசிய பாஸையும் கடிதம் கொடுத்த உத்தியோகத்தரையும் தேடிப் பிடித்து மாவட்ட நீதிமன்றத்தில் பல வருடம் நிற்க எந்தத் தோட்டக் குடும்பத்திடம் காசு இருக்கிறது? காணி விற்பனை எழுத்தில்தான் இருக்க வேண்டும் என்று 1840ஆம் ஆண்டிலேயே மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் விதித்தது வாய்ச்சொல்லை நம்பி மக்கள் கெட்டதால். எல்லையையும் உரித்தையும் எழுதலாம், சுவரையும் மண்ணையும் எழுதக் கூடாது என்பதற்கு அவர் ஒரு காரணமும் தரவில்லை. ஒரே காரணம்தான் இருக்க முடியும்: எழுதினால் அது சான்றாகும்.

அறியாததைச் சொல்லும்படி எவரும் கேட்கவில்லை. ‘எனக்குத் தெரியாது’ என்று எழுதிக் கையெழுத்திட்டாலும் போதும். பொய்யென்றால் அந்தக் கையெழுத்தே பேசும். சட்டம் வரட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். முற்பணம் கொடுப்பதற்கு முன்னால், தமிழிலும் சிங்களத்திலும் ஒரே தாளில், வெடிப்பும் அதைத் திருத்திய காலமும், பின்மேட்டை வெட்டிய உயரமும், நிரப்பிய மண்ணும், மூடிய மாணிக்கக் குழியும், களுகங்கையோ களனியோ வீட்டுக்குள் ஏறிய உயரமும், கிடைத்த அறிவித்தல்களும், பிரதேச சபையின் இணக்கச் சான்றிதழ் உண்டா இல்லையா என்பதும் எழுதி வாங்குங்கள். விற்பவர் திகதியிட்டு ஒப்பமிட்டதை விற்பனை உடன்படிக்கையோடு இணைக்கும்படி நொத்தாரிசிடம் சொல்லுங்கள். அப்படி ஒப்பமிட மறுக்கும் வீட்டை விட்டு விலகுங்கள். அன்பர் இப்போது விற்பனைக்கு வைத்திருக்கும் வீடுகளிலிருந்தே தொடங்கலாம். எந்த வீட்டுக்காரர் ஒப்பமிடுகிறார், எவர் மறுக்கிறார் என்ற கணக்கை அவரே எழுதட்டும், அதற்கும் நான் பதில் எழுதுகிறேன்.